ஒரே வீட்டில் இரண்டு காயங்கள்

அந்த ஏப்ரல் முழுவதும் என் மகள் முழுக்கைச் சட்டை மட்டுமே போட்டாள். பெங்களூரில் மின்விசிறியே வேண்டாம் என்றிருந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை நீண்டிருக்கும். மத்தியானத்தில் அந்தத் தகரம் காய்ந்து, அனல் எங்கள் அடுப்படிக்குள் வரும். அந்த வெக்கையிலும் அவள் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

"வேர்க்கலையாடி உனக்கு?"

"வெயில்ல கை கருத்துப் போவுதும்மா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இப்படித்தான் போட்டுக்கறாங்க."

பதினேழு வயதுப் பெண் சொன்னால் நம்பக்கூடிய பதில்தான். நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த பிறகு, சப்பாத்திக்கு மாவு பிசைந்து தரச் சொன்னேன். வேறேதோ நினைப்பில் இரண்டு கையையும் முழங்கை வரை மடித்துவிட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் உப்பு டப்பாவை எடுக்கத் திரும்பினேன். திரும்பும்போது பார்த்தேன், அவளுடைய இடது முன்கையில் கோடுகள். பழையவை வெளுத்திருந்தன. புதியவை வெளுக்கவில்லை.

"இன்னா இது?"

மாவு ஒட்டிய கையாலேயே சட்டையை இழுத்து விட்டாள். "பூனை."

"எந்தப் பூனை?"

எங்கள் தெருவில் நாய்கள்தான் உண்டு. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல் புகைந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது வெளியாள் என் பிள்ளையின் கையை இப்படிச் செய்திருந்தால் தெருவில் இறங்கிச் சத்தம் போட்டிருப்பேன். இதைச் செய்த ஆளும் அவளே, இதை அனுபவித்தவளும் அவளே. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவது?

என் கணவர் ஐ.டி. கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவர். சொன்னதும் முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு. "அவ போனை வாங்கி வை மொதல்ல. எல்லாம் அதுலதான் கத்துக்கறாங்க," என்று கத்தினார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியை எங்கேயும் எடுக்கவில்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாக்கில் நிற்பேன். தண்ணீர் விழுகிற சத்தம் நின்றால் பயம். நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தாலும் பயம். வீட்டில் எதைப் பார்த்தாலும், இதனால் என்ன ஆகும் என்றே புத்தி போனது. நான் ஆஸ்டின் டவுனில் ஒரு பல் மருத்துவர் கிளினிக்கில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். அங்கே போன் அடித்தால், அது யாருடைய பல்வலி என்று கேட்கும் முன்பே, வீட்டிலிருந்தா என்று நம்பரைப் பார்ப்பேன். நேராக அவளிடம் கேட்கவும் பயம். கேட்டால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று.

எங்கள் பல் டாக்டர்தான் ஒரு மனநல மருத்துவரின் இடத்தைச் சொல்லி அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. கன்னடக்காரர். எனக்குக் கன்னடம் தண்ணீர் மாதிரி வரும் என்பதால் எல்லாம் கன்னடத்திலேயே பேசினோம். முதலில் என் மகளை மட்டும் உள்ளே வைத்துப் பேசினார். நான் வெளியே உட்கார்ந்து சுவரில் ஓடிய ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னையும் கூப்பிட்டார்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இவள் இதைச் செய்யவில்லை என்றார் முதலில். சாகவேண்டும் என்று நினைக்கவில்லை என்று சொல்கிறாள், நான் அதை நம்புகிறேன், ஆனாலும் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருப்பேன், நீங்களும் கேளுங்கள் என்றார்.

"கேட்டால் அந்த நினைப்பை நாமே அவள் தலையில் போட்டதாகிவிடாதா, மேடம்?"

"ஆகாது. அவள் தலையில் ஏற்கெனவே இருக்கிறதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கும், அவ்வளவுதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. "எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படிக் கிடையாது," என்றேன்.

"இப்படி என்றால் எப்படி?" என்று கேட்டார்.

நான் என் முன்கையைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். கையில் தெரிகிற காயத்தை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்களாம். முடியைப் பிய்த்துக்கொண்டே வழுக்கையாகிப்போன பெண்கள் அவரிடம் வருகிறார்கள். கோபம் வந்தால் சுவரைக் குத்திக் கைவிரல் எலும்பை உடைத்துக்கொள்கிற ஆண்கள் எலும்பு டாக்டரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். நாள் கணக்கில் சாப்பிடாமல் இருக்கிறவர்களும் உண்டு, குடித்துவிட்டு ரிங் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் பறக்கிறவர்களும் உண்டு. எந்தச் சத்தமும் இல்லாமல், எதையும் செய்யாமலேயே தன்னைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். குளிக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையை விழுங்க மாட்டார்கள். காயம் பட்டால் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லாம் ஒன்று என்று சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஆனால் இவர்களைச் சோம்பேறி, பிடிவாதக்காரன் என்று வீட்டில் பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறார்கள் என்றார்.

நான் தலையாட்டினேன். யாரையோ பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் மகள் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ரயில்வே கேட் பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"அம்மா, மாமா சாப்பிடறதே இல்ல."

"எந்த மாமா?"

"மாடி மாமா. நான் கொண்டு போற தட்டை அப்படியே திருப்பித் தர்றாரு. கீழ நாய்க்குப் போட்டுடு கண்ணுன்னு சொல்லுவாரு. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

மாடி மாமா என்பது என் அண்ணன். எங்கள் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அண்ணன் சுரங்கம் மூடுகிற காலத்தில் பெங்களூருக்கு வேலை தேடி வந்து, பல வருடம் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பிப் போய், கடைசியில் ஒரு மெஷின் தொழிற்சாலையில் நிலைத்தவன். எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறை. அண்ணி இருந்தவரை அங்கே எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராக மாடிக்குத்தான் ஓடுவாள். அண்ணி புற்றுநோயில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் யாரும் அண்ணியைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அண்ணனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தோம். அவன் வேலையை விட்டுவிட்டு மாடியிலேயே இருக்க ஆரம்பித்ததும், துக்கத்தில் இருக்கிறான், விட்டுவிடுவோம் என்றோம். சவரம் செய்வதை விட்டான். சோம்பேறித்தனம் என்று என் கணவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆட்டோவில் உட்கார்ந்தபடியே டாக்டர் சொன்னதை அண்ணனோடு சேர்த்துப் பார்த்தேன். அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அதைவிட வேறொன்று ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக எங்கள் மாடிப்படியில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று என் கணவர் தரைக்கடியிலுள்ள தண்ணீர் சம்ப்பின் மூடியைத் திறந்து பார்த்தார், பழைய பெயின்ட் டப்பாக்களை நகர்த்திப் பார்த்தார். எலி கிடைக்கவில்லை. ஃபினாயில் ஊற்றிக் கழுவினோம். மறுநாள் மறுபடியும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் மாடி ஏறினேன். மேலே போகப் போக நாற்றம் கூடியது. கதவைத் தட்டினேன்.

"தெறந்துதான் கீது," என்றான் உள்ளே இருந்து.

ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இடது காலில் கம்பளி சாக்ஸ். அந்த வெயிலில் கம்பளி சாக்ஸ். அலமாரியில் நான் மாதாமாதம் வாங்கிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை அட்டைகள் மருந்துக்கடைப் பையோடு, ஒன்றும் பிரிக்காமல் கிடந்தன.

"காலைக் காட்டு, அண்ணா."

"ஒரு கொப்புளம். செருப்பு கடிச்சிச்சி. ஆறிக்கினு வருது."

"ஆறுறதுக்கு ஏன் நாத்தம் வருது? காட்டு."

நான் குனிந்து சாக்ஸில் கை வைத்தேன். நான் பிறந்ததிலிருந்து என் அண்ணன் என்னிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியவன் இல்லை. அன்று எழுந்து உட்கார்ந்து, "கைய எடு! வெளிய போ!" என்று கத்தினான். கண் இரண்டும் சிவந்து, வேறு யாரோ போல இருந்தான். நான் பயந்து பின்னால் நகர்ந்து கதவில் இடித்துக்கொண்டேன். கீழே வந்து கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் என் கணவர் மேலே போய்ப் பேசினார். "மச்சான், நாளைக்கு நானே வண்டியில கூட்டிக்கினு போறேன்," என்று கெஞ்சினார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். "நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிக்கினு போயிடலாமா?" என்று என்னிடம் கேட்டார். அதற்கும் எனக்குப் பயம். தூக்கிக்கொண்டு போனால், திரும்பி வந்து என்ன செய்துகொள்வான்? எங்கள் வீட்டில் ஒருத்தரைக் கண்காணிக்கவே எனக்கு இரண்டு கண் போதவில்லை. இப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று. இதையெல்லாம் அடுத்த அறையில் என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவள் அறையில் இல்லை. குளியலறையிலும் இல்லை. வாசலுக்கு ஓடினேன், செருப்பு கிடந்தது. அப்புறம்தான் மேலே பேச்சுக்குரல் கேட்டது. படியேறிப் போய் அண்ணனின் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் கட்டிலின் முனையில் உட்கார்ந்து, சட்டையின் கையை மடித்து, முன்கையை அவன் முன்னால் நீட்டியிருந்தாள்.

"இன்னா கண்ணு இது?" அவன் குரல் உடைந்திருந்தது. "யாரு பண்ணாங்க?"

"நான்தான் மாமா. நானே."

அவன் அவளுடைய கையைத் தொட வந்து, தொடாமல் நிறுத்தினான். "எதுக்குடா?"

"தெரியல. அத்தை போன அப்புறம் உள்ள ஏதோ அடைச்சிக்கிட்டே இருக்கு. யாரும் அத்தையைப் பத்திப் பேசறதே இல்ல. செஞ்சா கொஞ்ச நேரம் அது தெரியாது. அப்புறம் முன்னாடி இருந்ததைவிட ஜாஸ்தியா வரும். நேத்து டாக்டர்கிட்ட காட்டிட்டேன். ரொம்ப பயமா இருந்துச்சு. ஆனா திட்டல."

அவன் இடது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"நான் காட்டிட்டேன் மாமா. நீங்களும் காட்டுங்க. வலிக்குதா?"

"வலியே இல்ல கண்ணு," என்றான் அண்ணன். "சக்கரைக்கு மரத்துப் போச்சி. வலி இல்லாததால நல்லதாப் போச்சின்னு விட்டுட்டேன். வலிச்சிருந்தா மட்டும் பாத்திருப்பனான்னு கேட்டா, தெரியல."

பிறகு அவனே குனிந்து சாக்ஸைக் கழற்றினான். அது உடனே கழன்று வரவில்லை. நான் உள்ளே போனேன். அவன் என்னைப் பார்த்தான், விரட்டவில்லை. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. அதற்கு மேல் பாதம் வீங்கி மினுமினுத்தது. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. நான்தான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். என் கணவர் அன்றைக்கு டூட்டிக்குப் போகவில்லை. கால் மேல் துண்டைப் போர்த்தி அண்ணனைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனார். பார்த்த இளம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விரல்களை எடுத்தே ஆகவேண்டும், விஷம் மேலே ஏறியிருந்தால் முட்டிவரை காலை எடுக்க வேண்டிவரலாம், சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். "இவ்வளவு நாள் வீட்டில் யாரும் பார்க்கவில்லையா?" என்றும் கேட்டார்.

அறுவை சிகிச்சை நடந்த பொழுது முழுவதும் என் பயம் இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஒரு பாதி உள்ளே இருக்கிற அண்ணனிடம். இன்னொரு பாதி, கான்டீனுக்குப் போய் டீ வாங்கி வருகிறேன் என்று போய், வர நேரமாகிவிட்ட மகளிடம். அவள் டீயோடு வந்தபோது, எங்கேடி போனே என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவளுக்குப் புரிந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

இரண்டு விரல்களோடு போயிற்று. காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

வார்டில், காய்ச்சல் விட்ட ஒரு மத்தியானம், அண்ணன் தானாகவே பேசினான். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"சாவணும்னு நான் நெனைக்கலம்மா. அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா இருக்கணும்னும் நெனைக்கல. அவ இருந்தப்ப, மாத்திரை போட்டியா, கால் கழுவுனியான்னு தெனம் கேப்பா. அவ போனப்புறம் காலைக் கழுவி இன்னாத்துக்குன்னு தோணிச்சி. மொதல்ல கொப்புளம்தான். பாக்காம விட்டேன். அப்புறம் பாக்கவே பயம். நாத்தம் எனக்கும் வந்துச்சி. நீங்க படியில ஃபினாயில் ஊத்துனப்ப, மேல படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

ஆரஞ்சுச் சுளை என் கையிலேயே நசுங்கியது. நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அதற்கு பதிலாக அண்ணியைப் பற்றிக் கேட்டேன். கல்யாணமான புதிதில் காலை ரயிலுக்கு அவனை எழுப்ப அவள் என்னென்ன செய்வாள் என்று. முகத்தில் தண்ணீர் தெளித்ததைச் சொல்லும்போது சிரித்தான். சொல்லி முடிக்கும்போது அழுதான். இரண்டு வருடத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணனையும் அந்த மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். நடந்ததையெல்லாம் சொன்னேன், என் மகள் தன் கையைக் காட்டி அவனைச் சம்மதிக்க வைத்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"நல்ல பெண். ஆனால் இதோடு நிறுத்துங்கள். மாமா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று பார்ப்பது அவள் வேலை இல்லை. இத்தனை நாள் அவர் ரகசியத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். அவளை உங்கள் வீட்டுக்கு நர்ஸ் ஆக்காதீர்கள்."

அதிலிருந்து தட்டை நான்தான் கொண்டுபோகிறேன். அண்ணன் சாப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். புண்ணுக்குக் கட்டு மாற்ற என் கணவர் கூட்டிப்போகிறார். இரண்டு பேரும் போகிற வழியெல்லாம் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டு போகிறார்கள். சில நாள் அண்ணன் ஒழுங்காக இருப்பான். சில நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழமாட்டான். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பியதை ஒரு தடவை பார்த்தேன். டாக்டரிடம் சொன்னேன். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார், அவனைத் திட்டவில்லை.

கொஞ்ச காலம் எனக்கு எங்கு பார்த்தாலும் யாரோ தன்னைக் கெடுத்துக்கொள்வதுதான் தெரிந்தது. கிளினிக்குக்கு வருகிற ஒருவர், கன்னம் வீங்கிச் சீழ் வைக்கும்வரை வராமல் இருந்துவிட்டு வருவார். பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நகத்தைச் சதையோடு கடித்துக்கொண்டிருப்பாள். தொம்மலூர் சிக்னலில் ஒரு பையன் பைக்கில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து போவான். எல்லோரையும் பார்த்துப் பயந்தேன். மனநல டாக்டரிடம் சொன்னபோது, நகம் கடிக்கிறவர்களெல்லாம் நோயாளிகள் இல்லை, பல் டாக்டருக்குப் பயந்து வராதவர்களும் உலகத்தில் உண்டு என்றார். உங்கள் வீட்டு ஆட்களிடம் கேளுங்கள், அது போதும், தெருவையெல்லாம் நீங்கள் சுமக்க வேண்டாம் என்றார்.

மகள் இப்போது டிகிரி காலேஜ். நிறுத்திவிட்டாள் என்று சொல்ல ஆசை. நடுவில் ஒரு தடவை மறுபடி நடந்தது. அன்று அவளே வந்து சொன்னாள். பயம் அதே மாதிரிதான் வந்தது, ஆனால் இந்தத் தடவை மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. காயத்தைக் கழுவி மருந்து போட்டோம். மறுநாள் டாக்டரிடம் போனோம்.

போன மாதம் வேலை நேரத்தில் போன் செய்தாள். "அம்மா, இன்னிக்கு முடியல. வரியா?" அவ்வளவுதான். கிளினிக்கில் பேஷன்ட்கள் காத்திருந்தார்கள். பல் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோவில் போகிற வழியெல்லாம், போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகியிருக்குமோ என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். காலேஜ் வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போனேன். அவள் பாதிக் கிளாஸ் முலாம்பழ ஜூஸ் குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன். இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

"உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?"

"காலையில ரொம்பத் தோணிச்சு. உனக்குப் போன் பண்ணப்ப கொஞ்சம் கம்மியாச்சு. இப்ப பரவாயில்ல."

"ஏதாவது பண்ணிக்கிட்டியா?"

"இல்லம்மா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறாளா என்று பார்த்தேன் என்பதே உண்மை. அவளுக்கும் அது தெரிந்தது. கோபப்படவில்லை.

"பயமா இருக்காம்மா உனக்கு?"

"இருக்கு."

"எனக்கும்."

கடைக்காரர் ரேடியோவை வைத்தார். இரண்டு பேரும் ஜூஸைக் குடித்து முடித்தோம். டாக்டருக்குப் போன் செய்து சாயங்காலத்துக்கு நேரம் வாங்கினேன். அதுவரைக்கும் எங்கே போகலாம் என்று கேட்டேன். "வீட்டுக்கே போலாம்," என்றாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து, ஏறி, எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்வரை விடவில்லை.